முப்பதாவது சிவப்பு

"மன்னிக்கவும், பொன்னியம்மா. உங்கள் முகத்தில் மகிழ்ச்சி போதவில்லை."

அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஏழே முக்கால் மணி. கஜபதி விசில்ஸ் தொழிற்சாலையின் வாசலில் நின்ற 'மலர்முகம்' இயந்திரம் தேன் தடவிய குரலில் அறிவித்தது. ஆள் உயரக் கம்பம். அதன் உச்சியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒற்றைக் கண். கண்ணுக்குக் கீழே சிவப்பு விளக்கு.

"குக்கருகூட மூணு விசிலுக்கு அடங்கிடும்," என்றார் பொன்னியம்மா, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். "நீ எத்தினி நாளா ஊதினுகீற? உன் அடுப்ப அணைக்க ஆளே இல்லியா?"

வரிசை வெடித்துச் சிரித்தது. அவருக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவரும் சிரித்த வாயோடு கண்ணுக்கு முன்னால் போய் நின்றார்கள். பச்சை, பச்சை, பச்சை. கதவு படபடவென்று திறந்து மூடியது.

பொன்னியம்மா மட்டும் ஓரமாக நின்று, இயந்திரம் சொன்னபடி ஒரு நிமிடம் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு வாங்கியவர்களுக்கு அதுதான் சடங்கு.

மாடி அறையில் நிஷா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னியம்மாவின் பெயருக்கு எதிரே இருந்த எண் மாறியது. இருபத்தெட்டு.

முப்பதைத் தொட்டால் வேலை போய்விடும்.

நிஷா, ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். வயது இருபத்து நான்கு. பணியாளர் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அவள் சேர்ந்தபோது கம்பெனி முழுக்க முழுக்க கஜபதியுடையது. முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் ஒற்றை லேத் மெஷினோடு தகரக் கொட்டகையில் குக்கர் விசில் செய்ய ஆரம்பித்தவர் அவர். கம்பெனியைப் பெரிதாக்கும் ஆசையில் சரிபாதிப் பங்கை மும்பை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் அனுப்பிய முதல் சீதனம்தான் மலர்முகம்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருப்பதை எண்களில் நிரூபித்தால் அரசாங்கம் 'ஆனந்தத் தொழிலகம்' என்று சான்றிதழ் தரும். சான்றிதழோடு சில சலுகைகளும் வரும். அமைச்சரே நேரில் வந்து கேடயம் கொடுப்பார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கும் நாளன்று இங்கே வருவதாக ஏற்பாடு.

பொன்னியம்மா திருவேற்காட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தோரு வருடமாகக் கடைசிப் பரிசோதனை மேசை அவருடையது. காற்றழுத்தக் குழாயில் விசிலைச் செருகி, ஒரு தடவை ஊதவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, "இது அழுவுது, அனுப்பாத" என்பார். பிரித்துப் பார்த்தால் உள்ளே மயிரிழைப் பிசிறு இருக்கும். அந்த மேசையைவிட்டு அவரை எழுப்பினால் இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனியும் உட்கார வைக்காது. அவருக்கும் வேறெங்கும் உட்கார விருப்பமில்லை.

கம்பெனியிலேயே பெரிய சிரிப்புக்காரி அவர்தான். ஆனால் அவர் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் நிஷா கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள்.

"எங்க, ஒரு தடவை சிரிங்க பொன்னிக்கா. உதட்டை ரெண்டு பக்கமும் இழுங்க."

பொன்னியம்மா இழுத்தார்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த வாசல் காவலாளி வேம்புலி சோற்றுப் பருக்கை சிதறச் சிரித்தான். "யக்கோவ், வேணாம்! கொயந்தைங்க பார்த்தா ஜொரம் வந்துடும்."

"டேய், நீ வாய மூடு. ஒன் மூஞ்சி மட்டும் இன்னா, மகாலட்சுமியா?"

"நாளைக்குக் காலைல இதே மாதிரி செய்யுங்கக்கா, ப்ளீஸ்," என்று கெஞ்சினாள் நிஷா. "இன்னும் ரெண்டே ரெண்டு சிவப்புதான் பாக்கி."

"அட, நீ ஏன் கண்ணு அழுவுற மாதிரி கீற? ஒனக்கு செவப்பு போட்டுடப் போறான்."

நிஷா கைப்பேசியைக் கீழே வைத்தாள். "நான் நிறைய கதை படிப்பேன்க்கா. வருங்காலத்துல நடக்கிற மாதிரி எழுதியிருப்பாங்க. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கண்ணு வச்சிருக்கும். கம்பெனிக்காரன் ஜனங்களோட தூக்கத்தைக்கூட வித்துடுவான். யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரு கம்பத்துல, ஒரு கண்ணுல."

"கடைசீல இன்னா ஆவும்?"

"ஹீரோ தோத்துடுவான். படிக்கிறவங்களுக்கு அதான் எச்சரிக்கை."

"எத்தினி கதை படிச்ச?"

"ஒரு பதினஞ்சு இருக்கும்."

"பதினஞ்சுலயும் தோத்தானா?" பொன்னியம்மா ரசத்தை உறிஞ்சினார். "அந்த ஊர்ல எவனும் டீ குடிக்கவே போவ மாட்டானா? ரெண்டு பேரு டீக்கடைல நின்னு சிரிச்சிருந்தா கதையே வேற மாதிரி போயிருக்குமே!"

வேம்புலிக்குப் புரையேறியது. நிஷாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மாடிக்குத் திரும்பும்போது ஒரு யோசனை அவளை அரித்தது. அந்தக் கதைகளிலெல்லாம் கொடுங்கோலன் என்று ஒருவன் இருப்பான். இங்கே அப்படி யாரும் இல்லை. இயந்திரத்தை வடிவமைத்து இங்கே வைத்த அரவிந்தன் நல்ல பையன். மும்பை அலுவலகத்திலிருந்து வரும்போதெல்லாம் எல்லோருக்கும் கேக் வாங்கி வருவான். கஜபதியோ தொழிலாளி வீட்டுக் காதுகுத்துக்குக்கூட முதல் ஆளாகப் போய் நிற்பவர். முப்பதாவது சிவப்பு விழுந்ததும் வேலைநீக்கக் கடிதம் தானாகவே அச்சாகி வரும். அதில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. யாரிடம் போய்க் கெஞ்சுவது?

மறுநாள் காலை பொன்னியம்மா சொன்னபடியே உதட்டை இழுத்துக்கொண்டு போய் நின்றார்.

"வலி கண்டறியப்பட்டது," என்றது மலர்முகம். "முதலுதவி அறை இடதுபுறம்."

சிவப்பு. இருபத்தொன்பது.

அன்று மதியத்தோடு வேலை நிறுத்தி கம்பெனியில் ஆயுத பூஜை. தண்ணீர் அடித்துக் கழுவிய தரையெல்லாம் மாவுக்கோலம். வாசலில் இரண்டு வாழைக்கன்று. லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரஸர், எடைத் தராசு, கேண்டீன் கிரைண்டர் என்று மின்சாரத்தில் ஓடுகிற, ஓடாத எல்லாவற்றுக்கும் மாலை. வெள்ளை வேட்டியில் கஜபதி முன்னால் நடக்க, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத் தட்டையும் ஏந்திக்கொண்டு வேம்புலி பின்னால் போனான். ஒவ்வொரு மெஷினுக்கும் கஜபதி தன் கையாலேயே மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். முதல் லேத்துக்கு வைக்கும்போது ஒவ்வொரு வருடமும் போல அவர் கண் கலங்கியது.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது வேம்புலி நின்றான்.

"மொதலாளி, இது ஒண்ணு பாக்கி கீது."

கஜபதி மலர்முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு அதைப் பிடிக்காது. அவருக்கே அது இரண்டு தடவை சிவப்பு விளக்குக் காட்டியிருக்கிறது. ஆனாலும் பூஜையில் ஓரவஞ்சனை கூடாது.

"நம்ம ஊட்டுக்கு வந்துட்டா இதுவும் நம்ம மெஷின்தாம்ப்பா. நெத்தி எங்கடா இதுக்கு?"

"நெத்தின்னு தனியா ஒண்ணும் இல்லீங்களே. மேல ஒத்தக் கண்ணுதான் கீது."

கஜபதி கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, கெட்டிச் சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி அந்தக் கண்ணின் மேலேயே அப்பினார். நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

பத்தடி தள்ளி நின்ற நிஷா வாயைத் திறந்தாள். அதற்குள் மணி அடித்தது, கற்பூரம் எரிந்தது, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நிஷாவும் போட்டுக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து அண்டாவில் வந்தது. விநியோகத்துக்குப் பொன்னியம்மாதான் கரண்டி பிடித்தார். வேம்புலி தட்டை நீட்டியதும், முதுகை நேராக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதே தேன் குரலில் சொன்னார்:

"மன்னிக்கவும், வேம்புலி. உங்கள் முகத்தில் பொரி போதவில்லை."

கூடமே குலுங்கியது. கஜபதி வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மறுபடி மறுபடி செய்யச் சொல்லி வரிசையில் திரும்ப வந்து நின்றார்கள். அன்று யாருக்கும் வீட்டுக்குப் போக மனமே இல்லை.

இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு கம்பெனி திறந்தது. அன்று பத்து மணிக்கு அமைச்சர் வருகை.

ஏழே முக்காலுக்கு முதல் ஆள் கண்ணுக்கு முன்னால் நின்றார்.

"முகம் தெரியவில்லை. மகிழ்ச்சி இல்லை எனப் பதிவாகிறது. ஒரு நிமிடம் மூச்சை இழுத்து விடுங்கள்."

அடுத்த ஆளுக்கும் அதே. அதற்கடுத்த ஆளுக்கும் அதே. ஆளுக்கொரு நிமிடம். மொத்தம் நூற்றுத் தொண்ணூறு பேர். குமணன்சாவடி வேன் வந்து நின்றது, திருவேற்காட்டு வேன் வந்து நின்றது. வரிசை கேட்டைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, மூலை டீக்கடை வரைக்கும் போயிற்று. டீக்கடைக்காரர் இரண்டாவது பாலை அடுப்பில் ஏற்றினார்.

பதினோராவது ஆளாகப் பொன்னியம்மா நின்றார்.

"முகம் தெரியவில்லை. மகிழ்ச்சி இல்லை எனப் பதிவாகிறது."

"உனக்கே கண்ணு தெர்ல. என் மேல பழி போடுற," என்றார் பொன்னியம்மா.

மாடியில் அச்சு இயந்திரம் கிர்ரென்று ஓடியது. ஒரே ஒரு தாள். நிஷா அதை எடுத்துப் படித்தாள். 'தங்கள் சேவைக்கு நன்றி' என்று தொடங்கியது. தாளை மடித்துத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

வாசலில் அரவிந்தன் வந்து இறங்கியிருந்தான். விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறான். கையில் கேக் பெட்டி. கம்பத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"என்ன சார் இது? லென்ஸ் மேல பூசியிருக்கீங்க!"

"நெத்தி இல்லியேப்பா அதுக்கு," என்றார் கஜபதி.

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல அமைச்சர் வர்றார். கேட்டைக் கையால திறந்தா இன்னிக்குக் கணக்கு செல்லாது, சான்றிதழ் போயிடும். உடனே துடைங்க."

ஒருவரும் கம்பத்தின் பக்கம் நகரவில்லை.

"தம்பி," என்றார் கஜபதி மெதுவாக, "பூஜைல வச்ச பொட்ட இந்தக் கம்பெனில யாரும் துடைச்சதில்ல. அது தானா உதிரணும்."

"வேம்புலி, நீங்க துடைங்க."

"அய்யோ, எங்க ஊட்டுல ரெண்டு பொம்பளப் புள்ள கீது சார். எனுக்கு எதுக்கு வம்பு?"

அரவிந்தன் வரிசையைப் பார்த்தான். நின்ற அத்தனை பேரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர்கூடத் திரும்பிக்கொண்டார்.

"சரி, நானே துடைக்கிறேன். இதுல என்ன இருக்கு?"

அவன் பையிலிருந்து காகிதத் துண்டை எடுத்தான். கையை உயர்த்தினான். சந்தனத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா..." என்று முனகிவிட்டு, அரவிந்தன் அதே துண்டால் தன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. போதாததற்கு, முப்பதாவது சிவப்பில் கதவு திறக்காமல் ஓரமாக நின்ற பொன்னியம்மா வேறு, "அந்தப் பையன ஒரு நிமிசம் மூச்ச இய்த்து உடச் சொல்லுங்க" என்றார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அமைச்சரின் கார் ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, வரிசையின் வால்பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. அமைச்சர் இறங்கி நடந்தார். பின்னால் உதவியாளர்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று டிவி கேமராக்கள்.

"நானும் எத்தனையோ தொழிற்சாலைக்குப் போயிருக்கேன்," என்றார் அமைச்சர். "வேலைக்குள்ள போறதுக்கு முன்னாலேயே இப்படிச் சிரிக்கிற தொழிலாளர்களை இப்பத்தான் பார்க்கிறேன். எங்கே அந்த இயந்திரம்?"

அரவிந்தன் கம்பத்தைக் காட்டினான். அமைச்சர் சந்தனத்தைப் பார்த்தார். ஓரக்கண்ணால் டிவி கேமராக்களைப் பார்த்தார். அவருடைய அரசியல் அனுபவம் முப்பது வருடம். துடைத்த கை என்று ஒரு படம் வந்தால் என்ன ஆகும், தொட்டு வணங்கிய கை என்று ஒரு படம் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"குங்குமம் இருக்கா?" என்றார்.

வேம்புலி கொண்டுவந்த தட்டிலிருந்து எடுத்து, இருந்த பொட்டின் மேலேயே இன்னொரு பொட்டை அழுத்தமாக வைத்தார். கஜபதி தன் சாவியால் கேட்டைத் திறந்தார். கணக்கு செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. கேடயம் கைமாறியது, கைதட்டல் எழுந்தது, பதினைந்து நிமிடத்தில் கார்கள் கிளம்பிவிட்டன.

எல்லோரும் வேலைக்குப் போனார்கள். மாடி அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். நிஷா துப்பட்டாவிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

கஜபதி படித்தார். "பொன்னியம்மாவையா? யாரு அனுப்புனது?"

"யாரும் இல்ல சார். அதுவா வந்தது."

"கிழிச்சுப் போடு."

"கிழிச்சாலும் பிரயோஜனமில்லை சார்," என்றான் அரவிந்தன். அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "மும்பைல பதிவாகியிருக்கும். அதை ரத்து பண்ற பட்டனே நான் வைக்கல. அப்படி வச்சா சிபாரிசு வரும்னு..."

கஜபதி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தன்னுடைய கம்பெனியில் தனக்குத் தெரியாமலேயே ஒருவரை வெளியே அனுப்ப முடியும் என்பது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

நிஷா கணினியைத் திருப்பினாள். வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதம். எதிர்த்துப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"சார், உங்க எண்களையே பாருங்க. இந்த இயந்திரம் வந்து முப்பத்து மூணு வேலை நாள் ஆகுது. இன்னிக்கைத் தவிர தினமும் நூத்தி எழுபது பச்சைக்குக் குறையல. ஆனா இந்த மூணு நாள் மட்டும் எழுபது, அறுபத்தஞ்சு, அறுபது. ஏன் தெரியுமா?"

அரவிந்தன் குனிந்தான்.

"அந்த மூணு நாளும் பொன்னிக்காவுக்குக் காய்ச்சல். லீவு. வரிசையில அவங்களுக்குப் பின்னால நிக்கிறவங்களைப் பாருங்க, தினமும் பச்சை. மத்தவங்க சிரிப்பையெல்லாம் உண்டாக்குறவங்களை உங்க இயந்திரம் வெளியே அனுப்புது சார்."

அரவிந்தன் திரையைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு முறை மேலே உருட்டினான், ஒரு முறை கீழே உருட்டினான். அவன் எண்களை நம்புகிறவன். அவன் நம்பிய எண்களே அவனைப் பார்த்து நாக்கைத் துருத்தின.

"ரத்து பண்ண முடியாது," என்றான் கடைசியில். "ஆனா கடிதம் செல்லாமப் போறதுக்கு ரெண்டு காரணம் வச்சிருக்கேன். ஒண்ணு, பணியாளர் இறந்துட்டா."

"அத உடு!" என்றார் கஜபதி.

"இன்னொண்ணு, பதவி உயர்வு. புதுப் பதவிக்குப் போனா பழைய சிவப்பெல்லாம் அழிஞ்சிடும்."

கஜபதி எழுந்து நின்றார். "போடும்மா பதவி உயர்வு!"

"என்ன பதவி சார்?"

அவர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். இரண்டு பொட்டோடு மலர்முகம் ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

"வாசல் மேற்பார்வை. காலைல அரை மணி நேரம் அங்க. மீதி நேரம் அவங்க மேசைல. சந்தனம் உதிர்ற வரைக்கும் கேட்டு அவங்க கைல."

"உதிர்ந்த பிறகு?" என்று கேட்டான் அரவிந்தன்.

"அடுத்த வெள்ளிக்கெழமையும் பூஜை உண்டுப்பா," என்றார் கஜபதி.

மறுநாள் காலை பொன்னியம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வருகைப் பதிவு நோட்டு. சங்கதி முழுவதும் கேள்விப்பட்ட பிறகும் அவர் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. நிஷாவின் கன்னத்தை மட்டும் அழுத்திக் கிள்ளியிருந்தார். அது இன்னும் சிவந்து கிடந்தது.

வரிசை சிரித்துக்கொண்டே உள்ளே போனது. கடைசியாக அரவிந்தன் வந்தான். மும்பைக்கு விளக்கம் எழுத வேண்டும். இரவெல்லாம் தூங்காத முகம் தொங்கிப்போயிருந்தது. பொன்னியம்மாவைப் பார்த்ததும் கம்பத்துக்கு முன்னால் நிற்பதைப் போலவே விறைப்பாக நின்று, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தான்.

"நைனா, வாய மூடு," என்றார் பொன்னியம்மா. "பல்லு வலிக்கப் போவுது."

"சிரிக்க வேண்டாமா?"

"வந்தா சிரி. வர்லன்னா மூஞ்சத் தூக்கி வச்சுகினே உள்ள போ. யாரு கேக்கப் போறாங்க? போயி முதல்ல ஒரு டீ குடி."

அவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு, கதவைத் தள்ளித் திறந்தார்.